பாதி வழியில் எஞ்சின் சூடேறினால் என்ன செய்வது?

விளைந்த பொருளைச் சேதமில்லாமல் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தின் ஒரு பகுதியே. இன்று சிறு விவசாயிகள் பலர் தனியாகவோ, இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ சிறிய சரக்கு வண்டி வாங்கி, தங்கள் காய்கறிகளைத் தாங்களே ஏற்றிச் செல்கிறார்கள். இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் பயிரின் இலை சற்று வெளிறினாலே காரணம் தேடும் விவசாயி, வண்டியின் எஞ்சின் காட்டும் அறிகுறியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதனால் பாதி வழியில் வண்டி நின்று, சரக்கும் அழுகி, சில வேளைகளில் உடலுக்கும் தீங்கு நேருகிறது. வழியில் எஞ்சின் சூடேறினால் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் இக்கட்டுரையில் காண்போம்.

நான் கண்ட நிகழ்ச்சி

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். தேனி மாவட்டம் சின்னமனூருக்கு அருகே ஒரு விவசாயியின் தோட்டத்திலிருந்து 40 பெட்டி தக்காளி ஏற்றிய சிறு வண்டி குமுளிக்குப் புறப்பட்டது. அறுவடைக்குப் பின் காய்கள் எவ்வளவு அடிபடுகின்றன என்று பார்ப்பதற்காக நானும் உடன் சென்றேன். வண்டியை ஓட்டியவர் விவசாயியின் மகன்.

கம்பம் வந்தபோதே வெப்பம் காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. அவர் அதைக் கவனித்து, "சார், நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, போய்விடலாம்" என்று சொன்னவன் நான்தான். வியாபாரி மாலைக்குள் வரச் சொல்லியிருந்தார் என்பதே என் எண்ணத்தில் இருந்தது. கம்பத்திலும் கூடலூரிலும் பழுது பார்க்கும் பட்டறைகள் இருந்தன. இரண்டையும் கடந்து போனோம்.

லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கிச் சிறிது தூரத்திலேயே ஆவி கிளம்பி வண்டி நின்றது. கையில் இருந்த குடிநீரை எல்லாம் ரேடியேட்டர் மேல் ஊற்றினோம். பிறகு அந்த இளைஞர் துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினார். மூடி எகிறியது. கொதிநீரும் ஆவியும் பீறிட்டு அவருடைய முன்கையும் கழுத்தும் வெந்துபோயின. வெந்த இடத்தில் ஊற்றுவதற்கு எங்களிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பின்னால் வந்த வண்டிக்காரர் தண்ணீர் கொடுத்து உதவினார். அவரைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு, உடன் வந்தவர் அவசரப்பட்டு, மீதித் தண்ணீரைக் கொதிக்கும் எஞ்சினுக்குள் ஊற்றிவிட்டார். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் விரிசல் கண்டது. தக்காளி இரவு வரை அங்கேயே கிடந்தது. மறுநாள் பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து நீர் கசிந்ததுதான் என்று தெரிந்தது.

எஞ்சின் ஏன் சூடாகிறது?

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதி வெப்பத்தை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டு வருகிறது. அங்கே மின்விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் பட்டு நீர் ஆறி, மீண்டும் எஞ்சினுக்குள் செல்கிறது. நீர் குறைந்தாலோ, ஓட்டம் நின்றாலோ, காற்று தடைபட்டாலோ சூடு ஏறும்.

மலைப்பாதையில் எஞ்சின் முழுப் பலத்தோடு இழுக்கிறது. ஆனால் வண்டி மெதுவாக ஊர்வதால் எதிர்க்காற்று குறைவு. கோடை வெயிலும் அளவுக்கு மீறிய பாரமும் சேர்ந்தால், சமதரையில் தெரியாத சிறு குறை அங்கே வெளிப்பட்டுவிடும்.

பம்ப்செட் வேறு, வண்டி வேறு

கிணற்றடியில் டீசல் எஞ்சின் ஓட்டிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பம்ப்செட் எஞ்சின்களில் பெரும்பாலும் பம்பு இறைக்கும் நீரில் ஒரு பகுதி ஒருபுறம் நுழைந்து, எஞ்சினைக் குளிர்வித்து, மறுபுறம் வாய்க்காலில் விழுந்துவிடும். அங்கே அழுத்தம் இல்லை. எனவே பயமும் இல்லை.

வண்டியில் அப்படி அல்ல. அதே நீர் மூடிய வளையத்துக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. மூடியில் உள்ள ஸ்பிரிங், பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. இந்த அழுத்தத்தால் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை தாங்குகிறது. மலைப்பகுதியில் இது மிகவும் தேவை. உயரம் 300 மீட்டர் கூடும்போது நீர் கொதிக்கும் வெப்பநிலை சுமார் 1 டிகிரி குறையும். உதகையில் திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விடுபடும். 100 டிகிரிக்கு மேல் உள்ள நீர் அப்போதே ஆவியாகிப் பீறிடும். வெயிட் ஆடிக்கொண்டிருக்கும்போது குக்கர் மூடியை எந்தப் பெண்ணும் திறக்க மாட்டார். அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

அறிகுறிகள்

1. வெப்பம் காட்டும் முள் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட மேலே ஏறுதல். முள் இல்லாத வண்டிகளில் நீரில் நிற்கும் வெப்பமானி போன்ற படத்துடன் சிவப்பு விளக்கு எரியும்.

2. வண்டி இழுவை குறைதல்; ஏற்றத்தில் 'டக்டக்' என்ற சத்தம்.

3. இனிப்புக் கலந்த வாடை அல்லது ரப்பர் கருகும் வாடை.

4. வண்டி நின்றிருந்த இடத்தில் நீர் அல்லது பச்சை, நீலம், இளஞ்சிவப்பு நிறத் திரவம் சொட்டியிருத்தல்.

ஏறிய முள் திடீரென்று இறங்கினால் சூடு தணிந்துவிட்டது என்று மகிழக் கூடாது. நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் வெப்பத்தை உணரும் கருவி நீரில் படாமல் வெறுங்காற்றில் நிற்கும். அப்போது முள் தவறாக இறங்கிக் காட்டும். எஞ்சினுக்கு இதுவே பெரிய ஆபத்து.

உடனே செய்ய வேண்டியவை

முள் சற்றே ஏறும்போதே நிறுத்த இடம் தேட வேண்டும். ஏ.சி. இருந்தால் அணைக்க வேண்டும். காராக இருந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழு அளவில் வைக்கலாம். எஞ்சின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். இது நிறுத்த இடம் தேடும் வரை மட்டுமே. பயணத்தைத் தொடர்வதற்கு அல்ல. ஆவி வந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ அங்கேயே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும்.

வளைவிலும் பாலத்திலும் நிறுத்தக் கூடாது. இடது ஓரத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, ஏற்றமானால் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் வரும் வண்டிக்குத் தொலைவிலேயே தெரியும்படி வைக்க வேண்டும். புறப்படும்போது கற்களை எடுத்துச் சாலைக்கு வெளியே போட மறக்கக் கூடாது. இரவில் அந்தக் கல்லில் மோதி விழுபவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம்.

சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஆவி வரும்போது சீட்டைத் தூக்கக் கூடாது. எஞ்சினை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலக் கூடும். எனவே விசிறிக்கு அருகே கையையோ துண்டையோ கொண்டுபோகக் கூடாது. சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

மூடியைத் திறக்கும் முறை

குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நீர் கொதித்து ஆவி வந்திருந்தால் ஒரு மணி நேரமும் ஆகலாம். முதலில் ரேடியேட்டரின் மேல் குழாய்க்கு அருகே கையைக் கொண்டுபோய் வெப்பம் பாருங்கள். தாங்கும்படி இருந்தால் தொட்டு அழுத்திப் பாருங்கள். குழாய் விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும். மெத்தென்று அழுந்தினால் திறக்கலாம்.

கனமான சாக்கையோ துணியையோ பல மடிப்பாக மூடி மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைச் சிறிதளவு மட்டும் திருக வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் வந்தால் கையை எடுத்துவிட்டு, சத்தம் அடங்கும் வரை பொறுத்து, பிறகு முழுவதும் திறக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின்பே நீர் ஊற்ற வேண்டும். அதையும் அரை லிட்டர் அளவாக, இடைவிட்டு, மெதுவாக ஊற்ற வேண்டும். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும் என்பதை மேலே சொன்ன நிகழ்ச்சியில் கண்டோம்.

காரணம் கண்டறிதல்

நீர் ஊற்றியவுடன் புறப்பட்டுவிடக் கூடாது. நீர் ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

கிளிப் தளர்ந்திருந்தால் ஸ்குரூ டிரைவரால் இறுக்கினால் போதும். ரப்பர் குழாயில் சிறு வெடிப்பு இருந்தால், ஈரத்தைத் துடைத்துவிட்டு, சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இழுத்து இறுகச் சுற்றிக் கட்டலாம். இது அடுத்த பட்டறை வரை மெதுவாகப் போக மட்டுமே உதவும்.

சூடு ஏறும்போதே பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் ஒரே பெல்ட் நீர்ப்பம்பையும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பெல்ட் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

மின்விசிறி சுழலவில்லை என்றால் அதன் பியூஸைப் பார்க்க வேண்டும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸையே போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் வண்டியே தீப்பற்றக் கூடும்.

நெல் அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் பதரும் பூச்சிகளும் ரேடியேட்டரின் தகட்டு இடுக்குகளை அடைத்துவிடும். களத்து மேட்டுக்குப் போய்வரும் வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். எஞ்சின் ஆறிய பின், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மென்மையாக நீர் அடித்துக் கழுவ வேண்டும்.

வெளியே கசிவு இல்லாமலே நீர் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் ஆயில் பால் கலந்த காபி போல இருந்தாலோ, ஹெட் கேஸ்கட் கெட்டிருக்கக் கூடும். எஞ்சினை மீண்டும் இயக்கவே கூடாது. வண்டியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

டீசல் தீர்ந்து வண்டி நின்றால்

டீசல் தீர்ந்து காற்று புகுந்துவிட்டால், பம்ப்செட்டில் குழாய் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது நம் பழக்கம். இன்றைய டீசல் வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது. இவற்றில் எரிபொருள் குழாயின் அழுத்தம் 1000 பாருக்கும் மேல். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் நிரப்பிய பின், வண்டியுடன் தந்த கையேட்டில் சொல்லியபடி கைப்பம்பு இருந்தால் அழுத்தலாம். அதன் பிறகும் இயங்காவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதே சரி.

ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தாலும் உடனே அணைக்க வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாத எஞ்சின் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும்.

வெந்நீர் பட்டுவிட்டால்

சாதாரணக் குளிர்ந்த நீரை வெந்த இடத்தில் 20 நிமிடம் வரை தொடர்ந்து ஊற்ற வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. பனிக்கட்டி, மை, பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

சரக்கைக் காக்க

வண்டி நின்றவுடன் வியாபாரிக்கும் ஊரில் உள்ளவர்களுக்கும் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். அறுத்த காயும் கீரையும் மூச்சுவிடுகின்றன. அதனால் உள்ளே வெப்பம் உண்டாகிறது. ஓடும் வண்டியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். நிற்கும் வண்டியில் தார்ப்பாய் இறுக மூடியிருந்தால் சரக்கு வெந்துவிடும். எனவே வெயில் நேரே படாதபடி மேலே மட்டும் மறைத்து, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் வண்டி சரியாகாது என்று தெரிந்தால் வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றிவிடுவதே லாபம். கூடுதல் வாடகை போனாலும் முதல் தப்பும்.

போர் தண்ணீர் வேண்டாம்

சொட்டுநீர்க் குழாயின் துளைகளை வெள்ளைப் படிவு அடைப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கடின நீரில் உள்ள சுண்ணாம்பு உப்பே அதற்குக் காரணம். போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் அதே படிவு உண்டாகும். அவசரத்துக்கு எந்த நல்ல நீரையும் ஊற்றி ஊர் வந்து சேரலாம். பிறகு அதை வெளியேற்றிக் கழுவி, கூலண்ட் நிரப்ப வேண்டும். கெட்டியான கூலண்டை டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதியாகக் கலப்பது வழக்கம். கலந்தே விற்கப்படுவதில் நீர் சேர்க்கக் கூடாது. கூலண்ட் துருவைத் தடுப்பதுடன் கொதிநிலையையும் உயர்த்துகிறது.

கூலண்டில் பொதுவாக உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம். கன்றும் நாயும் குழந்தையும் இனிப்பென்று நக்கிவிடும். தொழுவத்துக்கு அருகே வண்டியைக் கழுவிக் கூலண்டை மாற்றக் கூடாது. சிந்தியதை மண் போட்டு மூடி அள்ளிவிட வேண்டும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பழைய கூலண்டை வாய்க்காலிலும் கிணற்றோரத்திலும் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

புறப்படும் முன் ஐந்து நிமிடம்

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கூலண்ட் தொட்டியில் அளவு மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே உள்ளதா என்று பார்க்கவும். ஆயில் அளவு, பெல்ட்டில் வெடிப்பு, குழாய் கிளிப்புகள், வண்டியின் அடியில் ஈரம் ஆகியவற்றையும் பார்க்கவும். வண்டியில் 20 லிட்டர் சுத்தமான தண்ணீர், ஒரு கிளிப், பியூஸ், ஸ்குரூ டிரைவர், சைக்கிள் டியூப் துண்டு, டார்ச் விளக்கு, கனமான சாக்கு, முக்கோணம் இருக்கட்டும். தண்ணீரில் பாதியை எஞ்சினுக்குத் தொடாமல் மனிதருக்கென்று வைத்திருக்க வேண்டும். வண்டிக்கு அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது.

அந்த இளைஞருக்குக் காயம் ஆறிவிட்டது, தழும்பு ஆறவில்லை. கம்பத்தில் நிறுத்தியிருந்தால் அரை மணி நேரமும் ஒரு கிளிப்பும்தான் செலவு. நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. படித்தவன் சொல்கிறானே என்று ஓட்டினார். வண்டி ஓட்டுபவர் முள்ளைப் பார்த்து "நிறுத்தலாம்" என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் "போகலாம்" என்று சொல்லாதீர்கள். முதல் அறிகுறியிலேயே வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, காரணம் கண்டு புறப்படுங்கள். வண்டியும் சரக்கும் தப்பும். அவற்றைவிட மேலான உயிரும் உடலும் தப்பும்.